வவுச்சர் எங்கே சார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் 'வவுச்சர் எங்கே?' என்று கேட்பான். பத்து ரூபாய் டீச் செலவுக்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் ஆடிட்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார்.

2020 ஜூலையில் அந்த வவுச்சரை என்னிடமே கேட்டார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் முசரவாக்கத்தில் என் பெரியப்பா காலமானார். ஐம்பது வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டுப் பட்டு நெய்தவர். நான் இருந்தது தாம்பரத்தில். அவசர அவசரமாக இ-பாஸுக்கு விண்ணப்பித்தேன். காரணம்: இறப்பு. பதில்: நிராகரிப்பு. ஆவணம் இணைக்கவில்லையாம். உயிர் போய் மூணு மணி நேரம்கூட ஆகலை, மரணச் சான்றிதழுக்கு எங்கே போவேன்? பெரியப்பாவை செல்போன் வீடியோவில்தான் வழியனுப்பினேன். பாஸ் வந்தது, அஞ்சாம் நாள்.

உங்களில் பலரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

ஒரு வேடிக்கை பாருங்கள். 2019 நவம்பர் வரை தாம்பரமும் முசரவாக்கமும் ஒரே மாவட்டம். அந்த மாதம் 29-ம் தேதி செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. எட்டே மாசத்தில் அது வேலியாகிவிட்டது. கிருமிக்கு கெஜட் படிக்கத் தெரியுமா என்ன?

காஞ்சிப் பட்டு ஒரு ஊருக்குள் முடிகிற சரக்கும் இல்லை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரவேண்டும். ஜரிகை சூரத்திலிருந்து. முகூர்த்தப் புடவை எடுக்கக் கல்யாண வீட்டார் எங்கிருந்தெல்லாமோ வரவேண்டும். அத்திவரதரைப் பார்க்க 2019-ல் 48 நாளில் கோடிப் பேர் வந்ததாகச் சொல்லப்பட்ட ஊர், மறு வருஷம் அதே மாசத்தில் புடவை வாங்க ஆளில்லாமல் கிடந்தது.

கொரோனா பொய் என்று சொல்கிற கூட்டத்தில் நான் இல்லை. கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதியவன்தான். என் சண்டை கட்டுப்பாட்டோடு அல்ல, அதன் கணக்கோடு.

வரிசையாகப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 24-ம் தேதி, 'சென்னை, கோவை, மதுரையில் 26 முதல் நாலு நாள் முழு ஊரடங்கு' என்றார்கள். நடுவில் கிடைத்தது 25-ம் தேதி ஒரே நாள். மொத்த ஊரும் காய்கறிக் கடையில் முண்டியடித்தது. கூட்டத்தைத் தடுக்கப் போட்ட உத்தரவே கூட்டம் சேர்த்தது. மே 7-ம் தேதி பஸ் ஓடவில்லை, கோயில் திறக்கவில்லை, டாஸ்மாக் திறந்தது! மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது; உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடை வாங்கி 16-ம் தேதி மறுபடி திறந்தார்கள். என் பெரியம்மா கேட்டாள்: "சாவுக்கு வர்றேன்னு ஏண்டா எழுதின? டாஸ்மாக்குக்குப் போறேன்னு எழுதியிருந்தா உட்டிருப்பாங்களே!"

அடுத்தது எண்கள். ஜூன் 1-ம் தேதி மண்டலம் விட்டு மண்டலம் போக இ-பாஸ் கட்டாயம். அன்று தமிழகத்தில் புதுத் தொற்று சுமார் 1,160. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் ரத்து. அதற்கு முந்தின நாள் தொற்று கிட்டத்தட்ட 6,000. ஆயிரத்துக்கு ஆபத்து, ஆறாயிரத்துக்கு ஆபத்தில்லையா? நடுவில் ஆகஸ்ட் 17 முதல் ஆதாரோ ரேஷன் கார்டோ காட்டினால் கேட்டவருக்கெல்லாம் உடனே பாஸ். எல்லாருக்கும் உண்டு என்றால் எதுக்கு சார் அந்தப் பாஸ்? மாநிலத்துக்குள் போக்குவரத்தைத் தடுக்கக் கூடாது என்று ஆகஸ்ட் 22-ம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர் கடிதம் எழுதிய பிறகுதான் அதுவும் போனது.

2021-ல் ஆட்சி மாறியது. பழக்கம் மாறவில்லை. மே 17 முதல் 'இ-பதிவு'. திருமணம் என்கிற காரணம் பட்டியலில் இருந்தது, காணாமல் போனது, திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது? பத்திரிகை அடித்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

'புது வியாதி, அதிகாரிகளும் கத்துக்கிட்டுதானே செஞ்சாங்க?' என்பீர்கள். சரி. முடிவு மாறலாம், மாறத்தான் வேண்டும். ஆனால் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி சொல்லலாமே! நாம் வாசற்படி தாண்ட காரணம், ஆவணம், தேதி மூன்றும் கேட்டவர்கள், தங்கள் உத்தரவுக்கு அந்த மூன்றையும் காட்டினார்களா?

வெள்ளைக்காரன் பிளேக்குக்காக 1897-ல் போட்ட தொற்றுநோய்ச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அடுத்த கிருமி வந்தால் மறுபடி வேலி போடுவார்கள். போடட்டும். ஆனால் ஒவ்வொரு உத்தரவின் அடியிலும் மூணு வரி இருக்கட்டும்: எதனால் போடுகிறோம், எந்தக் கணக்கை வைத்துப் போடுகிறோம், எப்போது எடுப்போம்.

பத்து ரூபாய் டீக்கு வவுச்சர் உண்டு. பெரியப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாததற்கு ஒரு வவுச்சர் கேட்கிறேன். தப்பா சார்?