மாமா போட்ட கணக்கு

மலை ஏற வேண்டும் என்ற ஆசை நமக்கெல்லாம் சமதரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் வருகிறது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி, யாரோ எடுத்த மலைப் படத்தைப் பார்க்கிறீர்கள். "அடுத்த வருஷம் நாமும் போய்விட வேண்டியதுதான்!" என்று பிரகடனம் செய்கிறீர்கள். "முதலில் மாடிக்குப் போய் வடகத்தை எடுத்து வாருங்கள்" என்கிறாள் வீட்டு அம்மாள். அதோடு பிரயாணம் முடிந்தது.

என் தாய்மாமன் விஷயத்தில் அப்படி முடியவில்லை. அம்பாசமுத்திரத்துக்காரர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 58-ஐத் தாண்டிவிட்டது. மொட்டை மாடியில் நின்று மேற்கே தெரிகிற பொதிகையைப் பார்த்துக்கொண்டே பிறந்து வளர்ந்தவர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்டோபர் மாதம் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டு, "மருமகனே, அகத்தியர் கூடத்துக்குப் போவமா?" என்றார். எனக்கு வயது 34. வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்றேன்.

உங்களில் யாருக்காவது அந்த யோசனை இருந்தால், கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். பழைய கணக்கில் ஆறாயிரம் அடிக்கு மேலே. திருநெல்வேலிச் சீமைக்கும் திருவனந்தபுரம் ஜில்லாவுக்கும் எல்லையில் நிற்கிறது. ஆனால் ஏறுகிற வழி கேரளப் பக்கம், போனக்காடு என்ற பழைய தேயிலைத் தோட்டத்திலிருந்துதான். ஜனவரி நடுவில் தொடங்கிப் பிப்ரவரி முடியுமட்டும் வனத்துறையார் அனுமதி தருகிறார்கள். நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. இணையத்தில் பதிவு தொடங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் இடம் காலி. மருத்துவச் சான்று வேண்டும். மதுவும் பிளாஸ்டிக்கும் கூடாது. வெகு காலம் பெண்களை அனுமதிக்காமல் இருந்தார்கள். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிற்று. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண்மணி சிகரம் ஏறித் திரும்பினார். ஆகவே சகோதரிகளே, இந்தக் கட்டுரை உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் நாள் போனக்காட்டிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து அதிருமலை முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும். காட்டு நடுவே இரவு தங்க அது ஒன்றுதான் இடம். மறுநாள் அங்கிருந்து சிகரத்துக்கு ஏறி, அன்றைக்கே முகாமுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் கீழே இறங்கலாம்.

மாமா ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கினார். முதல் பக்கத்தில் 'நெய்ஸ்மித் விதி' என்று தலைப்பு. 1892-ல் ஸ்காத்லாந்துக்காரர் ஒருவர் சொன்ன கணக்கு அது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு மேற்கொண்டு ஒரு மணி நேரம். மாமா அந்தக் கணக்கைப் போட்டு, வந்த விடையை இரண்டால் பெருக்கினார். "அவன் ஸ்காத்லாந்துக்காரன், நான் அம்பாசமுத்திரத்துக்காரன்" என்பது அவர் விளக்கம்.

பிறகு பயிற்சி. தினம் காலையில் ஐந்து கிலோ அரிசியை முதுகுப் பையில் கட்டிக்கொண்டு பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் மாடிப்படி ஏறினார். ஏறியது மட்டுமல்ல, சுமையோடு இறங்கினார். மூச்சு வாங்குவது ஏற்றத்தில்தான். ஆனால் முழங்காலையும் தொடையையும் பதம் பார்ப்பது இறக்கம். மறுநாள் காலை கட்டிலை விட்டு எழும்போது அது தெரியும். கால் நகங்களை ஒட்ட வெட்டச் சொன்னார். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்குமாம், ஷூ அரை அளவு பெரிதாக இருக்க வேண்டுமாம். அதை இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பழக்க வேண்டுமாம். எல்லாவற்றையும் கடிதமாகவே எழுதியிருந்தார். நானும் படித்தேன். ஷூவைப் புறப்படுவதற்கு முதல் நாள் வாங்கினேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி இருந்தது. 'இரண்டாம் நாள் பகல் 11-30க்கு எங்கே இருந்தாலும் திரும்புவது. ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்புவது.' கீழே இருவர் கையெழுத்து. பிற்பகலில் மேகம் இறங்கினால் பாறை வழுக்கும்; முகாமுக்கு வருமுன் இருட்டிவிட்டால் யானை நடமாட்டம் வேறு. அதற்காக முதல் வரி. இரண்டாவது வரி எதற்காக என்று எனக்குப் புரியாமல் இல்லை. தம்முடைய முழங்காலை நினைத்துத்தான் எழுதியிருந்தார். தமக்காக நான் திரும்ப வேண்டியிருக்குமே என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது போல என்னைப் பார்த்தார். நானும் பெருந்தன்மையோடு கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் பாதி வழி சுகமான காடு. கரமனை ஆறு, வாழைப்பைத்தியாறு, அட்டையாறு என்று தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அட்டையாற்றைக் கடந்தபின் புல்வெளி. வெயில் மண்டையைப் பிளந்தது. அதற்கப்புறம் 'ஏழுமடக்கு தேரி', 'முட்டிடிச்சான் தேரி' என்று இரண்டு ஏற்றங்கள். தேரி என்றால் நம் திருநெல்வேலியில் செம்மணல் மேடு. அங்கே செங்குத்துச் சரிவு. முட்டிடிச்சான் என்ற பெயருக்கு விளக்கம் தேவையில்லை; ஏறிப் பார்த்தால் போதும்.

அங்கேதான் என் வலது குதிகால் பேச ஆரம்பித்தது.

வழிகாட்டியாக வந்தவர் காணிக்காரர். 1987-ல் இந்தக் காட்டுக்கு வந்த விஞ்ஞானிகள் களைத்துப் போனபோது, காணி மக்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடந்ததைக் கண்டு வியந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பிற்பாடு அதிலிருந்து மருந்தே செய்தார்கள். மாமா அதைச் சொல்லி, "இவனுக்கு ரெண்டு காய் கிடைக்குமா?" என்று கேட்டார். வழிகாட்டி என் காலைப் பார்த்துச் சிரித்தார். "சாரே, அது களைப்புக்கு. செருப்புக்கடிக்கு இல்ல" என்றார்.

முகாமில் சூடான கஞ்சி கிடைத்தது. அதன் ருசியை எழுத என் பேனாவுக்குச் சக்தியில்லை. ஷூவைக் கழற்றினால் குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக் கட்டினார். எல்லாம் அவர் பையில் இருந்தன.

மறுநாள் நான் நடந்தேன் என்று சொல்ல முடியாது; நொண்டினேன். கூட வந்தவர்கள் முன்னே போய்விட்டார்கள். மாமா பத்தடி போவார், நிற்பார், ஈற்றைக் காட்டைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வார். 1850-களில் ஜான் ஆலன் பிரௌன் என்பவர் திருவாங்கூர் மகாராஜாவுக்காகச் சிகரத்தின் மேலேயே ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைத்துக் காந்த ஊசியின் அசைவுகளை அளந்த கதையைச் சொன்னார். கருவிகளை அங்கே சுமந்தவர்கள் என்ன ஷூ போட்டிருந்தார்களோ என்று நான் கேட்டேன். "போட்டிருக்கவே மாட்டான் மருமகனே. அதான் ஏறியிருக்கான்" என்றார்.

பொங்கலப்பாறையைத் தாண்டி, கயிறு பிடித்து ஏற வேண்டிய முதல் பாறையின் அடிக்கு வந்தோம். மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். உச்சி அதோ தெரிந்தது.

"நீங்க மேல வர்ற ஆட்களோட போயிட்டு வாங்க மாமா. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்றேன். மனசார்ந்துதான் சொன்னேன். ஐம்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிற சிகரம். மூன்று மாதம் அரிசி மூட்டை தூக்கினவர்.

அவர் நோட்டை எடுக்கவில்லை. சிகரத்தை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து ஆளுக்கொரு கடலை மிட்டாய் எடுத்தார். "கையெழுத்துப் போட்டிருக்கோம்லா?" என்றார். தின்று முடித்ததும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கினார்.

இறங்கி வருகிற வழியெல்லாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுபடி போனக்காடு வந்து சேர்ந்தபிறகு, "மூணு மணிக்கு மேலே மஞ்சு மூடிட்டுது, பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருஷம் எங்களுக்குப் பதிவு கிடைக்கவில்லை. இந்த வருஷம் மறுபடி முயற்சி செய்யப் போகிறோம். மாமா அரிசி மூட்டையை ஏழு கிலோவாக்கியிருக்கிறாராம். நான் ஆபீசில் லிப்டை மறந்து நான்கு மாடியும் பழைய இதழ்க் கட்டோடு ஏறி இறங்குகிறேன். ஆபீஸ் பையன்கள் சிரிக்கிறார்கள். நேற்று மாமா கூப்பிட்டார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"எலே, ஷூ வாங்கிட்டியா?"

"ஆகஸ்டிலேயே வாங்கிட்டேன் மாமா. இப்போ காலில்தான் இருக்கு."