கொழுந்தை நம்பிய பெட்டிகள்

குளிர் நாடுகளில் குளிர்காலம் தேனீக்குப் பட்டினிக் காலம். பஞ்சாப், ஹரியாணாவில் தேனீ வளர்ப்பவர்கள் கடுகு பூக்கும் பருவத்தில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ராஜஸ்தானுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்காவிலோ, பிப்ரவரியில் பூக்கும் கலிபோர்னியா பாதாம் தோட்டங்களுக்கு நாட்டின் வணிகக் கூடுகளில் பாதிக்கு மேல் போய்ச் சேருகின்றன. அங்கே பெட்டிக்கு வாடகையும் உண்டு.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்தில் கதை வேறு. இங்கே எதிரி பனியல்ல, மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் பூ அரிது, பறக்கவும் முடியாது. சிரட்டையில் சர்க்கரைப் பாகு வைத்துத்தான் கூட்டைக் காப்பாற்ற வேண்டும். அக்டோபருக்குப் பிறகு கூடு பெருகும். ஒன்றை இரண்டாகப் பிரித்து, தை முடிவதற்குள் ஒவ்வொரு பெட்டியையும் தேனீக்களால் நிரப்பியாக வேண்டும். காரணம், ரப்பர்.

டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும். பிறகு துளிர்க்கும் கொழுந்தில், மூன்று சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் கசியும். பூவிலிருந்து அல்ல, இலையிலிருந்து வரும் தேன் இது. இதற்காகவே பெட்டிகள் குமரித் தோட்டங்களுக்கும், எல்லை தாண்டிக் கேரளத்துக்கும் பயணமாகின்றன. பயணம் இரவில்தான். பகலில் எடுத்தால் மேயப்போன தேனீக்கள் வீடிழந்துவிடும்.

வருட வருமானத்தின் பெரும்பகுதி ஏப்ரலுக்குள் முடிவாகிவிடுகிறது. ஆபத்தும் அதில்தான். கொழுந்து நேரத்தில் மழை கொட்டினால் இனிப்பு கரைந்தோடும். பூஞ்சை தாக்கினால் கொழுந்தே உதிரும்.

அதைவிடப் பெரிய அடியை மார்த்தாண்டம் ஒருமுறை பார்த்துவிட்டது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் கிராமத் தொழிலாகப் பரப்பிய தேனீ வளர்ப்பு, 1991-92ல் தாய் சாக்புரூட் என்ற வைரஸால் ஆட்டம் கண்டது. கூட்டுக்குள்ளேயே புழுக்கள் செத்தன. தென்னகத்தின் பெரும்பாலான நாட்டுத் தேனீக் கூடுகள் காலியாயின. தப்பிப் பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பிரித்துத்தான் தொழில் மீண்டது.

நோயைத் தாங்கும் தேனீ கிடைத்தது. ஆனால், ரப்பருக்கு மாற்றாக அவ்வளவு தேன் தரும் மரம் இங்கே இல்லை. விலை சரிந்து தோட்டக்காரர் ரப்பரை வெட்டினால், அவரோடு சேர்ந்து நஷ்டப்படுபவர் மரத்தடியில் பெட்டி வைத்தவர். மரம் அவருடையது அல்ல. வெட்டுவதா வேண்டாமா என்று யாரும் அவரைக் கேட்கப்போவதும் இல்லை.