முள்ளு சீத்தாவும் புற்றுநோயும்: என் மாணவர்களுக்கு ஒரு கண்டிப்பு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

"முள்ளு சீத்தா இலை கீமோவை விட 10,000 மடங்கு சக்தி வாய்ந்தது." இந்த வாரம் மட்டும் நான்கு பேர் இதை எனக்கு அனுப்பிவிட்டீர்கள். அதில் ஒருவர் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவர். அதனால்தான் கோபம் வருகிறது.

அந்த 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1996-ல் வெளியான ஓர் ஆய்விலிருந்து. முள்ளு சீத்தா விதையில் பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருளை, ஆய்வகத்தில் வளர்த்த ஒரு வகைப் பெருங்குடல் புற்றுச் செல்கள் மீது விட்டுப் பார்த்தார்கள். விதை, இலை இல்லை. தட்டில் இருந்த செல், நோயாளி இல்லை.

தட்டில் செல்லைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். குடிப்பீர்களா? மருந்து என்றால் ரத்தத்தில் போதிய அளவு கலக்க வேண்டும். புற்றுச் செல்லைத் தாக்கி, நல்ல செல்லைக் கூடியவரை விட்டுவைக்க வேண்டும். குவாதலூப் தீவில் முள்ளு சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் நிறைய உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் காணப்படுவதை 1999-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். இந்த ஃபார்வர்டு ஏன் யாருக்கும் வருவதில்லை?

அடுத்தது 'ஆன்டி ஆக்ஸிடன்ட்'. கல்லூரிகளில் செய்யும் சோதனை எளிமையானது. ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விடுவார்கள். ஊதா மங்கி மஞ்சளானால் ஆன்டி ஆக்ஸிடன்ட் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டாலும் நிறம் மாறும். அதற்காக எலுமிச்சை புற்றுநோய் மருந்தாகிவிடுமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களை வைத்து, பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரல் புற்றைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்று 18 சதவீதம் அதிகம்!

"அப்போ நம்ம மூலிகை எல்லாம் பொய்யா சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. கல்வராயன்மலையில் கடுக்காயும் நெல்லிக்காயும் பொறுக்கும் மக்களின் அறிவை நான் மதிக்கிறேன். நம் வாசலில் பூக்கும் நித்திய கல்யாணியையே பாருங்கள். சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று கனடாவில் சோதித்தார்கள். எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. நோபிள், பீர் என்ற இருவர் அதை விடாமல் பிடித்து, வின்பிளாஸ்டினைப் பிரித்து 1958-ல் அறிவித்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின்தான் இன்றும் ரத்தப் புற்று வந்த குழந்தைகளைக் காப்பாற்றும் மருந்துகளில் ஒன்று. ஆனால் அது கஷாயமாக வரவில்லை. நூற்றுக்கணக்கான கிலோ இலையிலிருந்து ஒரு சிட்டிகை பிரித்து, அளவு நிர்ணயித்து, ஊசியாக வந்தது. நீங்கள் திட்டும் அந்தக் கீமோவில் நம் வாசல் செடியும் இருக்கிறது!

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மார்பில் கட்டியோடு எட்டு மாதம் இலைச்சாறு குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எலும்பு வரை பரவியிருந்தது. அவருக்கு அந்தச் செய்தியை அனுப்பியவர் அன்பாகத்தான் அனுப்பினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மார்பகப் புற்றுக்கு மாற்று வைத்தியம் மட்டும் செய்துகொண்டவர்களின் இறப்பு அபாயம் முறையான சிகிச்சை பெற்றவர்களை விட 5 மடங்குக்கும் மேல்.

புற்றைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடைக்காரன் செய்யக் கூடாததை, நீங்கள் காசு வாங்காமல் செய்கிறீர்கள்.

கட்டியோ, ஆறாத புண்ணோ, காரணமில்லாத ரத்தப்போக்கோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் நமக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையும் உண்டு. கஷாயம் குடிக்க ஆசையா? டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

இனி அப்படி ஒரு செய்தி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது தட்டிலா, எலியிலா, மனிதரிலா?" பதில் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். எனக்கும் அனுப்பாதீர்கள்.

உங்கள் ஆசிரியர்,
திருக்கோவிலூர்