கால்வாயில் ரயில் நிற்கலாம், குடிசை நிற்கக் கூடாதா?

மேட்டு நிலம் யாருக்கு, மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளம் யாருக்கு என்பது நம் கிராமங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைப் போற்றிப் பேசியவர்களை அம்பேத்கர் கடுமையாகச் சாடினார். நகரத்துக்குப் போனால் ஊர், சேரி என்ற கோடு அழிந்துவிடும் என்று நாமும் நம்பினோம். சென்னை அந்தக் கோட்டை வேறு விதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறது.

ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருக்கிறது கோவிந்தசாமி நகர். மயிலாப்பூருக்கு நடந்தே போய்விடலாம். பல பத்தாண்டுகளாக மக்கள் குடியிருந்த இடம். 2022 மே மாதம், உச்ச நீதிமன்ற உத்தரவின்படி என்று சொல்லி வீடுகளை இடித்தார்கள். அங்கு வாழ்ந்த ஒருவர் எல்லோர் கண்ணெதிரே தீக்குளித்து இறந்தார். அதன் பிறகே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே வீடு ஒதுக்கப்படும், இனி மக்களிடம் கலந்து பேசிய பிறகே இடமாற்றம் என்று அறிவித்தார். இதைச் சொல்ல ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

அந்த மக்கள் மீதான குற்றம், நீர்நிலை ஆக்கிரமிப்பு. சரி. அதே கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. 1997-ல் திருமயிலை வரையும் 2007-ல் வேளச்சேரி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் நிறைந்த தியாகராய நகர், 1920-களில் ஒரு பெரிய ஏரியை வற்றவைத்து உருவாக்கிய ஊர். அடையாற்றின் மேலேயே விமான ஓடுபாதை போகிறது. இவற்றுக்கெல்லாம் பெயர் வளர்ச்சி!

நீல் ஸ்மித் என்ற புவியியல் அறிஞர் 1979-ல் ஒரு விளக்கம் தந்தார். ஒரு நிலம் இன்று தரும் வருமானத்துக்கும், கைமாறினால் தரக்கூடிய வருமானத்துக்கும் இடைவெளி பெருகும்போது முதலீடு அங்கே பாயும், ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள் என்றார். அவருடைய ஆசிரியர் டேவிட் ஹார்வி இதை உலகளாவிய மூலதனத்தின் பழக்கமாகவே பார்த்தார். பறித்துச் சேர்ப்பது என்பது அவர் கருத்து. நமக்கு இது புதிதல்ல. நாலுவழிச் சாலை வந்ததும் புறம்போக்கைத் தேடி வரும் கார்களைப் பார்த்திருக்கிறோம். பஞ்சமி நிலம் போன கதையும் தெரியும்.

1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், ஆரம்ப காலத்தில் பல இடங்களில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டியது. 2000-க்குப் பிறகு பாதை மாறிவிட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் எழுந்தன. அதே சாலையையொட்டி கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஆயிரக்கணக்கில் வீடுகள். அங்கே போனவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். வெள்ள ஆபத்து என்று சொல்லி ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்துகிறார்கள். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 மழையில் அதுவும் மூழ்கியது.

கால்வாய் ஓரக் குடிசை நல்ல வாழ்வு என்று நாம் சொல்லவில்லை. கழிப்பறையும் கதவும் உள்ள வீடு எல்லோருக்கும் வேண்டும். ஆனால் மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கொடுக்கும் வீடு வேலையைப் பறித்துக்கொண்டு கொடுக்கும் வீடு. 2021 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்லது. காலை ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வேண்டியவர் எத்தனை மணிக்கு எழுந்து கிளம்ப வேண்டும்? வீடு திரும்பும்வரை பிள்ளையை யார் பார்ப்பது?

வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இடிப்பு உத்தரவுகளில் சாதி எங்கும் எழுதப்பட்டிருக்காது. யார் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்ற பட்டியலில்தான் அது தெரியும். அந்தப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். வாரியம் மற்ற மாவட்டங்களிலும் கட்டுகிறது. படிக்கும் பிள்ளைகள் தங்கள் மாவட்டத்தில் அந்த வீடுகள் எழும் இடத்துக்கு ஒருமுறை போய், பேருந்து நிலையம், பள்ளி, மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று அளந்து பார்க்கட்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடட்டும்.