ஏட்டின் அடுக்குகளும் பதிப்பாசிரியர் கண்ணும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகச் சுவடிகள் போன்ற பழஞ்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. காலும் ரகரமும் வடிவால் வேறுபடுவதில்லை. ஏடு கருத்துவிடின், கீறல் எழுத்தா வெடிப்பா என்பதும் ஐயமாகிறது. ஒரே ஏட்டைப் பல ஒளியலைகளில் படமெடுக்கும் பல்நிறமாலை முறை இவ்வையத்தைக் குறைக்கவல்லது: அகச்சிவப்பில் ஓலை வெளிறும், கரி மையோ கருமையாகவே நிற்கும். வழிபாட்டு நூலொன்றின் அடியில் மறைந்திருந்த ஆர்க்கிமிடீசின் எழுத்துகள் பல்நிறமாலைப் படங்களால் வெளிப்பட்டமை அறிந்ததே.

இப்படங்களை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின் ஒளிர்வையும் மாற்றிக் காண நாபாரி என்னும் கட்டற்ற மென்பொருள் உதவும். ஓரேட்டின் இரண்டு மூன்று படங்களே தொடக்கத்திற்குப் போதும். பிறர் தேர்ந்தளிக்கும் ஒற்றைப் படத்தையே நம்பின், பாடத்தெரிவு பதிப்பாசிரியரின் கையைவிட்டு நழுவும். ஆகவே சுவடியியல் பாடத்திட்டத்தில் இப்பயிற்சி இடம்பெறுதல் வேண்டும்.