மண்ணைத் திருப்பிக் கொடுத்தபோது

ஸ்கொட்லாந்தின் குருனார்ட் தீவிலே, 1942இல் பிரித்தானிய இராணுவ விஞ்ஞானிகள் அந்திராக்ஸ் குண்டுகளைப் பரீட்சித்தனர். கட்டிவைக்கப்பட்ட செம்மறியாடுகள் சில நாட்களில் மடிந்தன. கிருமியின் வித்துகளோ மண்ணில் தங்கிவிட்டன. துப்புரவாக்குதல் சாத்தியமில்லையெனத் தீவை மூடினர்.

1981இல் சிலர் அத்தீவின் மண்ணென்று கூறி ஒரு பொதியைப் போர்ட்டன் டவுன் ஆய்வுகூடத்தின் வெளியே வைத்தனர். ஆபத்தான செயல்; அதனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், 1986இல் 280 தொன் போர்மல்டிகைட்டைக் கடல்நீரில் கலந்து தெளித்தார்கள். 1990இல் தீவு பாதுகாப்பானது என்றார்கள்.

கெடுக்க ஓராண்டு, துப்புரவைத் தொடங்க நாற்பத்து நான்கு ஆண்டுகளா? இதனை விஞ்ஞானத்தின் வெற்றியென்று கொண்டாட என்னால் இயலாது. நஞ்சை இறக்குமுன்னரே அதை அகற்றும் வழியையும் செலவையும் மக்கள் முன் வைக்காத இராணுவத்துக்கு ஒரு பிடி மண்ணும் கொடுக்கலாகாது.