சின்ன டிராக்டர்னா மலை ஏறிடுமாங்க?

போன வாரம் போடியில ஒரு டிராக்டர் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு வாங்க இல்லீங்க, சித்தப்பா மகனுக்குத் துணையா. "மலையடிவாரக் காடா சார்? அப்ப யோசிக்கவே வேணாம், இந்த மினியை எடுங்க. சின்ன வண்டி, மலைக்குன்னே செஞ்சது"ன்னு கடைப் பையன் சொன்னான். தம்பியும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிட்டான். எனக்குத்தான் சுர்ருன்னு ஏறிருச்சு. அந்தக் கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிரணும்னுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்கங்க.

எங்க நிலம் ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மலையைத் தொடுற பக்கம். மொத்தம் ஏழு ஏக்கர். கீழ மூணு ஏக்கர் சமதளம், கிணத்துப் பாசனம், தக்காளியும் வெங்காயமும் மாத்தி மாத்தி. மேல நாலு ஏக்கர் சரிவு, மாவும் இலவமரமும். 2017-ல அந்தச் சரிவுலதான் சித்தப்பா டிராக்டரோட உருண்டார். அதுவும் சின்ன வண்டிதான். பழைய இலவமரத்துத் தூர் ஒண்ணு வண்டியைத் தாங்கி நிறுத்துனதால உயிர் மிஞ்சிச்சு. இடுப்பெலும்பு மிஞ்சல. இன்னைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதே சரிவுக்கு, அவர் மகனுக்கு, "மலைக்குன்னே செஞ்சது"ன்னு ஒருத்தன் சொன்னா கோபம் வருமா வராதா?

மினி டிராக்டரை ஒல்லியா செஞ்சிருக்கது மலைக்காக இல்ல சாமி, பயிர் வரிசைக்கு நடுவுல நுழையுறதுக்காக. கரும்பு, பருத்தி, திராட்சைன்னு வரிசைப் பயிர் வைக்கிறவங்களுக்கு அது வரப்பிரசாதம். சரிவுல அந்த ஒல்லியே வினை. சப்பரத்தை யோசிச்சுப் பாருங்க. அடி அகலமா இருந்து கனம் கீழ இருந்தா சாயாது. அடி குறுகி கனம் மேல போனா, ஒரு பக்கச் சக்கரம் ஒரு குழியில இறங்குனாலே போதும். டிராக்டரும் அவ்வளவுதான். ரெண்டு பின்சக்கரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, எடை எவ்வளவு உயரத்துல நிக்குதுங்கிறதுதான் கணக்கு. இதுல எச்.பி. எங்க வருது? ஆனா கடையில முதல் கேள்வியே "எத்தனை எச்.பி. சார் வேணும்?"

சித்தப்பா விழுந்ததுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. டிராக்டர்ல இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக் இருக்கும், வயல்ல சட்டுனு திருப்புறதுக்கு. சரிவுலயும் ரோட்டுலயும் அது ரெண்டையும் கொக்கி போட்டு ஒண்ணாக்கிரணும். அன்னைக்குக் கீழ சமதளத்துல உழுதுட்டு, கொக்கியை மாட்டாமலே மேல போயிட்டார். இறங்கையில ஒரு பிரேக்கை மட்டும் மிதிச்சதும் வண்டி குறுக்கே திரும்பிருச்சு. அப்புறம் என்ன, அப்படியே பக்கவாட்டுல சாய்ஞ்சிருச்சு. வண்டி வாங்குனப்ப இதை அவருக்கு யாரும் சொல்லல. ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாங்க, மாலை போட்டாங்க, எலுமிச்சம்பழம் வச்சாங்க.

இதுல கொடுமை என்னன்னா, எங்க ஊருப் பக்கம் மலையில வண்டி ஓட்டுற அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. போடியில இருந்து 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்திப் போற ஜீப் டிரைவர்களைக் கேளுங்க. ஏறுன கியர்லயே இறங்கணும், நியூட்ரல்ல விட்டா செத்தோம், தோட்டத்து மண்பாதையில நாலு சக்கரமும் இழுக்கணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க. ஜீப்புன்னா இதெல்லாம் பார்க்கிறோம். டிராக்டர்னா மட்டும் கலரும் மானியமும் பார்க்கிறோம்.

நாலு சக்கர இழுவை ஏறுறதுக்கு மட்டும்னு பல பேரு நினைக்கிறாங்க. இறங்குறதுக்குத்தான் அது ரொம்ப முக்கியம். பெரும்பாலான டிராக்டர்கள்ல பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். இறக்கத்துல கனமெல்லாம் முன்னாடி போயிருது, பின்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காம வழுக்க ஆரம்பிக்குது. நாலு சக்கர இழுவையைப் போட்டிருந்தா முன்சக்கரமும் பின்சக்கரத்தோட பிணைஞ்சிருக்கும், அதனால நாலும் சேர்ந்து பிடிக்கும். 15 எச்.பி. வண்டிகள்ல மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 எல்லாம் ரெண்டு சக்கர இழுவையில வந்த வண்டிங்க. சமதளத்துல வரிசைக்கு நடுவுல ஓட்ட நல்ல வண்டிங்கதான், நான் குறை சொல்லல. ஆனா சரிவுன்னு வந்துட்டா குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 மாதிரி 24 எச்.பி. நாலு சக்கர வண்டியில இருந்துதான் என் கணக்கு ஆரம்பிக்கும். (எந்தக் கம்பெனிக்காரனும் எனக்கு டீ கூட வாங்கித் தந்ததில்ல :-) )

இன்னும் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. சரிவுல மண் அரிக்காம இருக்கணும்னா சரிவுக்குக் குறுக்கே உழணும். விவசாய அதிகாரிங்களும் அதான் சொல்றாங்க, சரியாத்தான் சொல்றாங்க. ஆனா டிராக்டர் சாயாம இருக்கணும்னா மேலும் கீழுமா நேரா ஓட்டணும். நேரா உழுதா ஒவ்வொரு சாலும் ஒரு ஓடை, ஐப்பசி மழையில மேல்மண்ணெல்லாம் அடிச்சிட்டுப் போயிரும். குறுக்கே உழுதா நீங்க உருளுவீங்க. இதுக்கு நடுவுல எந்த வண்டி வாங்குனாலும் தப்பிக்க வழி கிடையாது. சரிவைப் படி படியா வெட்டிச் சமமாக்கணும், இல்லைன்னா அந்த இடத்துல உழவையே விட்டுரணும்.

உழாம விட்டா குடி முழுகிருமா? மேல ஏலத்தோட்டத்தைப் பாருங்க. ஏலச்செடிக்கு வேரு மேலாகத்தான் ஓடும். அதனால ஆழமா கொத்தவே மாட்டாங்க, இலைச்சருகைப் போட்டு மூடித்தான் வைப்பாங்க. போடியில ஏலம் போற ஏலக்காய் ஒண்ணுகூட உழுத மண்ணுல விளைஞ்சதில்ல. மாந்தோப்புக்கும் இலவந்தோப்புக்கும் புல்வெட்டுற மெஷினும் மூடாக்கும் போதாதா?

உங்க நிலம் எப்படின்னு பார்க்க ஒரு எளிய வழி. நாலடி நேர்ச்சட்டம் ஒண்ணு எடுத்துக்கங்க, கொத்தனார்கிட்ட ரசமட்டம் கடன் வாங்கிக்கங்க. ஒரு முனையை மேட்டுல ஊன்றி, சட்டம் மட்டமாகுற வரைக்கும் மறுமுனையைத் தூக்குங்க. தொங்குற முனைக்கும் தரைக்கும் ஒரு அடி இடைவெளி வந்தா சரிவு ஏறக்குறைய 14 டிகிரி. அதுக்கு மேல நான் என் தம்பியைக் குறுக்கே டிராக்டர் ஓட்ட விடமாட்டேன். ஈரமா இருந்தா அதுக்குக் கீழேயும் விடமாட்டேன்.

அடுத்தது உருளும்போது காப்பாத்துற கம்பி. சீட்டுக்குப் பின்னாடி வளைவா நிக்குமே, அது. ஸ்வீடன் நாட்டுல 1959-லயே புது டிராக்டருக்கு இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. அமெரிக்காவுல 1985-ல கம்பெனிகளே ஒண்ணு சேர்ந்து 20 எச்.பி.க்கு மேல உள்ள வண்டிக்கெல்லாம் மாட்டுறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. நம்ம ஊர்ல? தலைக்கு மேல ஒரு தகரக் கூரை, அதுல நாலு ஸ்பீக்கர். உருண்டா அந்தக் கூரை அப்பளம் மாதிரி நொறுங்கும். "கம்பி மாமரக் கிளையில இடிக்குமேண்ணே"ங்கிறான் தம்பி. மடக்குற கம்பி இருக்குடா. மரத்தடியில மடக்கு, வெளிய வந்ததும் நிமிர்த்து. நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போடணும், மடக்கியிருக்கும்போது போடக்கூடாது.

மானியக் கதைக்கு வருவோம். 2014-15-ல தொடங்குன மத்திய அரசுத் திட்டத்துல சிறு குறு விவசாயிக்கு 50 சதவீதம் வரைக்கும், மத்தவங்களுக்கு 40 சதவீதம் வரைக்கும் மானியம்னு வச்சாங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து டிராக்டருக்கு ஜி.எஸ்.டி.யும் 12 சதவீதத்துல இருந்து 5 ஆயிருச்சு. நல்லது, வேணாங்கல. நான் கேக்குறது ஒண்ணுதான். மக்கள் வரிப்பணத்துல பாதி விலை கொடுக்கும்போது, மலையடிவார விவசாயிக்குக் கம்பியும் பெல்ட்டும் இல்லாத வண்டிக்கு மானியம் கிடையாதுன்னு ஒரு வரி சேர்த்தா என்னய்யா குறைஞ்சு போகும்?

மூணு ஏக்கர் சமதளத்துக்குச் சொந்த வண்டி எதுக்குன்னும் தம்பியைக் கேட்டேன். வேளாண்மைப் பொறியியல் துறையில வாடகைக்கு டிராக்டர் விடுறாங்க, உழவன் செயலியிலயே பதியலாம். "நம்மளுக்கு வேணுங்கிற அன்னைக்கு எல்லாருக்கும்தான்ணே வேணும், மழை காத்திருக்குமா?"ன்னான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஞாயித்துக்கிழமை சட்டமும் ரசமட்டமும் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் மேல ஏறுனோம். மேல்பாதி ரெண்டு ஏக்கர்ல ஒண்ணேகால் அடி, சில இடத்துல ஒன்றரை. அங்க இனி உழவு இல்லைன்னு முடிவாயிருச்சு. கீழ்ப்பாதியில அரை அடிதான், ஓட்டலாம். இப்ப சண்டை எச்.பி.யில நிக்குது. நான் 24-ங்கிறேன், அவன் 28-ங்கிறான். வீட்டுக்கு வந்து திண்ணையில உக்காந்து இதையே பேசிக்கிட்டிருந்தோம். சித்தப்பா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, காலை நீவி விட்டுக்கிட்டே கேட்டார்:

"எச்.பி. கிடக்கட்டும்டா. கம்பி இருக்கான்னு கேட்டீங்களா?"

கடையில கேட்டிருந்தோம். கடைப் பையன் "கேட்டுச் சொல்றேன் சார்"னு சொல்லி ஒரு வாரம் ஆச்சு.